கொக்குமலைக் குதிரைக்காரன்

சுகன்யா கொக்குமலைக்கு வழிகாட்டியாக வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ராஜவேலு அவளிடம் சொல்லிவிட்டார்.

“நீ படிச்சதெல்லாம் உன்னோட வச்சுக்கோ பாப்பா. இந்தப் பாறைக்கு நான் சொல்றதுதான் அர்த்தம். நீ பொறக்காத காலத்துலருந்து நான்தான் சொல்லிகினு கீறேன்.”

அது 2003ஆம் ஆண்டு. சுகன்யா ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். வேலூரில் சரித்திரம் எம்.ஏ. படித்துவிட்டு, ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தி, தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள். மாவட்டத்தில் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று சில இடங்களுக்குத் தற்காலிக வழிகாட்டிகளை எடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை, கோயில் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கொக்குமலையை யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது கொக்குமலை. பாதி உயரத்தில் ஒரு பெரிய பாறை கூரைபோல முன்னால் நீண்டிருக்கும். அதன் அடியில் மழை படாத சுவர். அந்தச் சுவரில் சிவப்பு நிறத்தில் ஆட்கள் கைகோத்து வரிசையாக நிற்பார்கள். வரிசையின் கடைசியில் ஒருவன் மட்டும் படுத்துக் கிடப்பான். இவர்களுக்கு மேலே, வெள்ளை நிறத்தில் பெரிதாக ஒரு குதிரை. குதிரையின் மேல் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டிருப்பான்.

மலைக்கு இந்தப் பக்கம் கல்லாம்பாடி, அந்தப் பக்கம் ஓடைத்தாங்கல். இரண்டு ஊரும் ஒரே சாதி. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். தொண்ணூற்றாறில் ஏரி மீன் ஏலத்தில் தகராறு வந்து, ஓடைத்தாங்கல்காரர் ஒருவருக்குக் கையில் வெட்டு விழுந்தது. அதோடு கல்யாணம் காட்சி எல்லாம் நின்றுபோனது. கல்லாம்பாடிக்காரர்கள் அந்த இடத்தைக் குதிரைப் பாறை என்பார்கள். ஓடைத்தாங்கலில் ஆளுப் பாறை என்பார்கள்.

ராஜவேலு கல்லாம்பாடிக்காரர். கொஞ்சம் நிலம், கொஞ்சம் கட்சி வேலை, ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவி. எப்போதோ ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்கு வழி காட்டிக் கூட்டிப்போனதிலிருந்து, வருகிறவர்களுக்குப் பாறையைக் காட்டுவதைத் தன் உரிமை என்று வைத்துக்கொண்டார். காசு வாங்க மாட்டார். கேட்டுக்கொண்டு நின்றால் போதும். குரல் அப்படியே கூத்துக்காரன் குரல்.

“தோ, குதிர மேல ஒக்காந்துகினு கீறாரே, அவர்தான் எங்க ஊர உண்டாக்கின மொத ஆளு. கையில கத்தி. கீழ கையக் கோத்துகினு நிக்கறாங்களே, அது சும்மா நிக்கல. கயித்துல கட்டி இழுத்துகினு வர்றாரு. அந்தப் பக்கத்து ஊரானுங்க. கடைசியில கெடக்கறான் பாரு ஒருத்தன், எதுத்து நின்னவன். ஒரே வெட்டு.”

மீன் ஏலத் தகராறுக்கு முன்னால் அந்த வரிசை, குதிரைக்காரனின் சொந்தப் படையாக இருந்தது என்று கல்லாம்பாடியிலேயே சிலர் சொல்வார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் அவர்கள் கையில் கயிறு ஏறியது.

சுகன்யா தன் முறை வரும்போது மெதுவாகத்தான் பேசினாள். சிவப்பு எதில் செய்தது, வெள்ளை எதில் செய்தது, எப்படி இத்தனை காலம் நின்றது என்று சொல்லுவாள். வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், இதற்கு என்ன அர்த்தம்? “உறுதியாத் தெரியலீங்க. நடனமா இருக்கலாம், சடங்கா இருக்கலாம், சாவா இருக்கலாம்” என்பாள். கேட்டவர்களின் முகம் விழுந்துவிடும். பிறகு ராஜவேலு பக்கம் திரும்புவார்கள். அவர் அதற்காகவே கொஞ்சம் தள்ளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

“தெரியாதுன்னு சொல்றதுக்கு கவர்மெண்டு ஒரு ஆள வச்சிருக்குது பாருங்க” என்று ஆரம்பிப்பார்.

அவள் அவரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டாள். பதில் இல்லை. அவர் அவளைப் பற்றிக் கட்சிக்காரர்களிடம் சொன்னார். அங்கும் ஒன்றும் நடக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் அந்தப் பாறைக்கடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் கொண்டுவரும் தண்ணீர்க் குடத்தை ஒருநாள் யாரோ கவிழ்த்திருந்தார்கள். அவர் உட்காரும் கல்லில் ஒருநாள் எறும்பு மொய்த்தது. அவள் சாப்பிட்டு மீந்த வெல்லம்தான் காரணம் என்று அவர் பத்துப் பேர் முன்னால் கத்தினார். அது உண்மையும்கூட.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். சுகன்யா ஆரம்பிப்பதற்குள் ராஜவேலு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“யாராவது ஓடைத்தாங்கல் புள்ளைங்க கீறீங்களா?”

பின்னால் நின்ற ஒரு பெண் சந்தோஷமாகக் கையைத் தூக்கினாள்.

“வா, முன்னாடி வா. நல்லா பாத்துக்கோ. கயித்துல கட்டி மாடு மாதிரி ஓட்டிகினு போறாங்களே, அது உங்க தாத்தனுங்க. தோ செத்துக் கெடக்கறானே, அவன் உங்க வூட்டு ஆளாக்கூட இருப்பான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

சுகன்யா டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். குதிரையின் முன்னங்கால் ஓர் இடத்தில் சிவப்பு ஆள் ஒருவனின் தோளைக் குறுக்கே கடந்து போகும். அங்கே வெளிச்சத்தை நிறுத்தினாள்.

“எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. தொடக்கூடாது. இந்த இடத்துல எது மேல இருக்கு? எது கீழ இருக்கு?”

“வெள்ளை மேல மிஸ்!”

“அப்போ எதை முதல்ல வரைஞ்சிருப்பாங்க?”

“சிவப்பு!”

“ஆமா. ரெண்டும் ஒரே படம் இல்ல. நடுவுல பல நூறு வருஷம்கூடப் போயிருக்கலாம். அதனால குதிரைக்காரன் இவங்களக் கட்டி இழுத்துட்டு வரவும் இல்ல, யாரையும் வெட்டவும் இல்ல.”

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ராஜவேலுவின் முகம் கறுத்துச் சுருங்குவதைப் பார்த்ததும், இத்தனை மாதம் உள்ளே கிடந்ததெல்லாம் நாக்குக்கு வந்தது.

“இவங்க ஏற்கெனவே இங்க இருந்தவங்க. குதிரைக்காரன் அப்புறமா வந்து, அடுத்தவங்க படத்து மேல கால வச்சவன்.”

பின்னலைப் பிடித்திருந்த பெண் நிமிர்ந்தாள். ராஜவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்க ஊருத் தறியால துன்ற குடும்பம் நீ” என்றார். “எங்க ஆள வந்தேறின்ற. பாத்துக்கலாம்.”

செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஓடைத்தாங்கலுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. ‘கொக்குமலையின் மூத்த குடி ஓடைத்தாங்கல்! ஆராய்ச்சியாளர் சுகன்யா எம்.ஏ. அறிவிப்பு.’ அதன் கீழே சிவப்பு ஆட்களின் புகைப்படம். குதிரையை வெட்டி எடுத்திருந்தார்கள்.

அன்றே முத்துவேல் மலைக்கு வந்தார். ஓடைத்தாங்கலின் பழைய பஞ்சாயத்துத் தலைவர், ரைஸ் மில் வைத்திருப்பவர். கூட ஐந்தாறு பேர். கையில் பொன்னாடை.

“அந்த பேனரை எடுத்துடுங்க” என்றாள் சுகன்யா. “நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க.”

“இன்னாங்க மேடம், செவப்பு பழசுன்னு நீங்க சொல்லல?”

“சிவப்பு பழசுன்னு சொன்னேன். ஓடைத்தாங்கல்னு சொல்லல.”

“பழசுன்னா யாரு? நாங்கதான?”

“அதுக்கு ஆதாரம் இல்ல. உங்க ஊரும் சரி, அவங்க ஊரும் சரி, வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வரைஞ்சிருக்கலாம். இந்த ஆளுங்க யாருன்னு யாருக்கும் தெரியாது.”

முத்துவேல் பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்தார்.

“எங்க ஊருப் பொண்ணு அழுதுச்சேன்னு பரிஞ்சு பேசினீங்கன்னு நெனச்சேன். அவன் எங்கள அடிமைன்றான். நீங்க எங்கள ஆளே இல்லன்றீங்க. உங்களுக்கு அவனே தேவலாம்.”

“பேனரை எடுங்க.”

“எடுக்க முடியாது. உங்க வாயில வந்துதுதான் அது. முழுங்கிப் பாருங்க.”

பேனர் இருந்தது. அதைப் பார்க்கக் கல்லாம்பாடியிலிருந்து பைக்கில் வந்து போனார்கள்.

சுகன்யாவின் அண்ணன் குமரேசனின் வியாபாரம் கல்லாம்பாடித் தறிகளை நம்பித்தான் நடந்தது. அவன் பட்டு நூலும், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும் கொடுப்பான், அவர்கள் கூலிக்கு நெய்து கொடுப்பார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பேனர் கட்டிய மூன்றாவது நாள், கல்லாம்பாடி நெசவாளர்கள் ஒவ்வொருவராகப் பைக்கிலும் சைக்கிளிலும் வந்து, நெய்தது பாதி நெய்யாதது பாதியாகப் பாவை அறுத்துச் சுருட்டிக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. அடுத்து வைகாசி முகூர்த்தங்கள். காஞ்சிபுரத்துக் கடை ஒன்றுக்குக் குமரேசன் வாக்குக் கொடுத்திருந்தான். ஒருவர் கையில் ஓடிய பாவை இன்னொருவர் தறியில் ஏற்றினால் சேலையில் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். அத்தனையும் வீண்.

சாயங்காலம் சுகன்யா வீட்டுக்குள் நுழையும்போது, கூடம் முழுக்க அறுத்த பாவுச் சுருள்கள் கிடந்தன. அம்மா சின்னம்மாள் அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“நல்லா மிதிச்சிகினு வா” என்றான் குமரேசன். “மிதிக்கத்தான போட்டுகீது.”

“ண்ணா, நான்...”

“நாளைக்குக் காலைல ராஜவேலு வூட்டுக்குப் போற. அந்த ஆளுகிட்ட மன்னிப்பு கேக்கற.”

“நான் தப்பா எதுவும் சொல்லல.”

“தப்பா சொன்னியான்னு நான் கேட்டனா? தறி நிக்குதுடி! கல்லாம்பாடியில ஒரு தறிகூட நமக்கு ஓடல. உனுக்கு அந்தப் பாறை சோறு போடுமா?”

“குதிரை மேல இருக்கு, ஆளுங்க கீழ இருக்காங்க. கண்ணால பாத்தா தெரியுது. அதை இல்லன்னு சொல்லச் சொல்றியா?”

“எவன் மேல இருந்தா உனுக்கு இன்னா, எவன் கீழ இருந்தா இன்னா? செத்துப்போனவன் கிறுக்கினதுக்கு உயிரோட கீறவன் வயித்துல அடிக்கற!”

அவள் அம்மாவைப் பார்த்தாள். சின்னம்மாள் ஒரு சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அறுந்த நூல்களை விரலால் நீவிக்கொண்டிருந்தார். “நீ ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிபூடும்” என்றார், நிமிராமலே.

அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தட்டு தனியாக வைக்கப்பட்டது.

மாசியில் இரண்டு ஊர்ப் பையன்களும் மலையடிவாரத்தில் அடித்துக்கொண்டு, ஒருவனுக்கு மண்டை உடைந்தது. தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் ராஜவேலுவும் அவர் ஆட்களும், மறுபக்கம் முத்துவேலும் அவர் ஆட்களும். நடுவில் சுகன்யா. கதவோரம் குமரேசன் நின்றிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனே வந்திருந்தான்.

அதிகாரி நல்ல மனிதர். ஏற்கெனவே ஒரு வாசகம் யோசித்து வைத்திருந்தார். பாறை முன்னால் ஒரு பலகை வைப்பது, ‘ஒற்றுமையை விளக்கும் பழங்கால ஓவியம்’ என்று எழுதுவது. கைகோத்து நிற்பவர்கள் இரண்டு ஊர் மக்கள். குதிரைக்காரன் கையைத் தூக்கி வாழ்த்துகிறான்.

ராஜவேலு யோசித்தார். வாழ்த்துகிறவன் மேலே இருப்பதால் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. முத்துவேலும் யோசித்தார். கயிறு போய்விட்டது, அது லாபம்.

“நீங்க இதையே வர்றவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா” என்றார் அதிகாரி.

“சொல்ல முடியாது சார்.”

“ஏன்? நல்ல விஷயம்தான?”

“நல்ல விஷயம்தான் சார். ஆனா அது படத்துல இருக்கான்னு தெரியாதே. ‘பொருள் இன்னும் அறியப்படவில்லை’ன்னு எழுதுங்க. அதுக்கு நான் சம்மதிக்கறேன்.”

முதலில் சிரித்தவர் ராஜவேலு. “அர்த்தம் தெரியாதத பாக்க எவன் சார் மல ஏறி வருவான்?” முத்துவேலும் சிரித்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றாகச் செய்த காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சிரிப்பு அடங்கியதும், பலகையில் எந்த ஊர்ப் பெயர் முதலில் வருவது என்று கேள்வி வந்தது. நாற்காலிகள் விழுந்தன. கூட்டம் கலைந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் குமரேசன் அவளை மறித்தான். “தலையாட்டியிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும். உன்னால முடியல. அவ்ளோ திமிரு.”

“திமிரு இல்லண்ணா.”

“அந்தச் சுவுரு இருக்கற வரைக்கும் எனக்குத் தறி ஓடாது. அவ்ளோதான.” தனக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறவன்போல அதைச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினான்.

அடுத்த சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மலையேறும்போதே சுகன்யாவுக்குப் பெயிண்ட் வாடை அடித்தது. பாறையடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. சுவர் முழுக்கப் பச்சை. தறிக்கொட்டாய்க் கதவுகளுக்கு அடிக்கிற அதே எனாமல் பச்சை. இரண்டு பெயிண்டர்கள் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லின் மேல், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குமரேசன் உட்கார்ந்திருந்தான்.

அவள் ஓடிப்போய்த் துப்பட்டா முனையால் சுவரைத் துடைத்தாள். பச்சை வந்தது. இன்னும் அழுத்தினாள். பச்சையோடு வெள்ளையும் குழைந்து வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

“தேய்க்காதீங்கக்கா” என்றான் பெயிண்டர். “காயல இன்னும்.”

“இன்னா பண்ணியிருக்க?” என்றாள் அண்ணனிடம்.

“சண்டைய நிறுத்தியிருக்கேன். குதிரையும் இல்ல, ஆளும் இல்ல. இனிமே எவனும் எவனையும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீயும்தான்.”

“உனுக்கு இது இன்னான்னு தெரியுமா?”

“உனுக்கே தெரியாதுன்னுதான ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச?” எழுந்து வேட்டியைத் தட்டினான். “யாருக்கும் தெரியாத ஒண்ணு போனா யாருக்கு இன்னா?”

சென்னைக் குடும்பம் எதுவும் புரியாமல் நின்றது. அவர்களில் ஒருவர் சுவரைப் புகைப்படம் எடுத்தார்.

சுகன்யா கீழே இறங்கி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். செய்தவர் பெயர் தெரியுமா என்று கேட்டார்கள். சொன்னாள். உறவா என்றார்கள். “கூடப் பிறந்தவர்” என்றாள். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டார். அவள் பச்சை படிந்த துப்பட்டா முனையை மேஜை மேல் வைத்தாள். அவர் எழுதினார்.

குமரேசன் நினைத்ததில் பாதி நடந்தது. இரண்டு ஊரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதை நிறுத்தின. இரண்டும் சேர்ந்து ஆரணிக்கு வந்தன. கல்லாம்பாடி வேனும் ஓடைத்தாங்கல் டிராக்டரும் ஒரே நேரத்தில் கடை வாசலில் நின்றன. கண்ணாடி உடைந்தது. முத்துவேல் முதல் கல்லை எறிந்தார் என்று சிலரும், ராஜவேலு எறிந்தார் என்று சிலரும் சொன்னார்கள். போலீஸ் வந்து குமரேசனைக் கூட்டிப்போனது. ஜாமீனில் வர நான்கு நாளாயிற்று. தறிகள் அதற்குப் பிறகும் ஓடவில்லை. அவன் பிழைப்புக்காகப் பவர்லூம் சேலைகளை வாங்கி விற்க ஆரம்பித்தான்.

அவன் ஜாமீனில் வந்த அன்று சின்னம்மாள் மகளின் துணிகளைப் பையில் வைத்து வாசலில் வைத்தார். “அவன் பண்ணது தப்புதான்” என்றார். “நீ பண்ணத நான் மறக்க மாட்டேன். போயிடு.” சுகன்யா போளூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வாரநாளில் டியூஷன், சனி ஞாயிறு மலை. வேலையை விட்டு எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் தானாக நின்றுவிடவில்லை.

பழைய ஓவியங்களைச் சீர்செய்கிற ஒரு அம்மாள் சென்னையிலிருந்து வந்து சுவரைப் பார்த்தார். பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டு, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓரமாகத் துடைத்துப் பார்த்தார். பச்சையோடு அடியில் இருந்ததும் சேர்ந்தே வந்தது. “இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். பின்னால் வேறு வழி வந்தால் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜவேலு, “உங்க அண்ணன வெட்டினாலும் தகும்” என்றார். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததும், “போய் உங்க வேலையப் பாருங்க” என்றாள்.

கேஸ் 2006இல் விசாரணைக்கு வந்தது. ஆரணிக் கோர்ட்டில் ராஜவேலுவும் சாட்சி. சுவரில் என்ன இருந்தது என்று கேட்டதும் அவர் தன் கூத்துக் குரலில் ஊரை உண்டாக்கிய கதையை ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் நிறுத்தினார்.

“கேள்விப்பட்டதை வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.”

ராஜவேலு கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளையா ஒரு குதிரைங்க. மேல ஒரு ஆளு. கையத் தூக்கிகினு இருந்தான்.”

“கையில் என்ன இருந்தது?”

“அது... சரியாத் தெரியாதுங்க.”

அடுத்து சுகன்யா ஏறினாள். குமரேசனின் வக்கீல் அமைதியாகக் கேட்டார்.

“இந்தப் படத்துக்கு அர்த்தம் தெரியாதுன்னு நீங்க பல பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க இல்லையா?”

“ஆமா.”

“யார் வரைஞ்சதுன்னும் தெரியாது. எப்போன்னும் தெரியாது. எதுக்குன்னும் தெரியாது.”

“ஆமா.”

“அப்போ என் கட்சிக்காரர் எதை அழிச்சார்னு இங்க வந்து நிக்கறீங்க? நஷ்டம் என்ன?”

எதிரே பெஞ்சில் குமரேசன் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் புதிதாக நரை. பக்கத்தில் அம்மா. இரண்டு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவர்களை அவள் பார்த்ததில்லை.

“இனிமே தெரிஞ்சுக்க முடியாது சார்” என்றாள். “என்னிக்காவது யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. அதுக்கு வழியில்லாம பண்ணிட்டாரு. அதுதான் நஷ்டம்.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குற்றம் உறுதியாகி அபராதம் விதித்தார்கள். குமரேசன் கட்டிவிட்டு வெளியே வந்தான். வராந்தாவில் அவளைக் கடக்கும்போது நின்றான்.

“காவ்யாவுக்கு ஆனில நலங்கு” என்றான், தன் மகளைச் சொல்லி. “அந்தப் பக்கம் வந்துடாத.”

“வர மாட்டேன்.”

“அம்மா செத்தாலும் வரக்கூடாது.”

“அதுக்கு வருவேன்” என்றாள். அவன் கையை ஓங்கினான். வக்கீல் வந்து பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நல்ல கூட்டம். பேப்பரில் கேஸ் வந்திருந்தது. சுகன்யா ஏறிவரும்போதே மேலே ராஜவேலுவின் குரல் கேட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பச்சைச் சுவரின் மேல் அவர் சாக்பீஸால் ஒரு குதிரையை வரைந்திருந்தார். பெரிய குதிரை. மேலே ஆள். தூக்கிய கையில் ஒரு நீளமான கத்தி.

“சுவத்துல கை வைக்காதீங்க” என்றாள்.

“பெயிண்டு மேலதான வரைஞ்சுகீறேன். உங்க அண்ணன் சொத்துதான அது, கேஸ் போடு.”

“கத்தி எங்கருந்து வந்துது? கோர்ட்டுல கையில இன்னான்னு தெரியாதுன்னுதான சொன்னீங்க?”

கூட்டம் அவரைப் பார்த்தது. ராஜவேலுவின் தாடை இறுகியது. திரும்பி, சாக்பீஸை அழுத்திப் பிடித்து, கத்தியை இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்தார்.

திருப்பதியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குத் தமிழ் அரைகுறை. குதிரையைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு சுகன்யாவிடம் கேட்டார். “இது எத்தனை வருஷம் பழசும்மா?”

“இன்னிக்குக் காலைல போட்டது” என்றாள்.

யாரோ சிரித்தார்கள். ராஜவேலு சாக்பீஸை அவள் காலடியில் வீசிவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பாதி வழியில் நின்று மேலே பார்த்து, அவள் குடும்பம், அவள் படிப்பு, ஆரணிப் பட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஏதேதோ கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, சிவப்பு எதில் செய்தது, வெள்ளை எதில் செய்தது என்று ஆரம்பித்தாள்.